தீப்பட்ட கல்

கல்லுக்கு ஞாபகசக்தி உண்டு என்று செண்பகவல்லி எந்த மேடையிலும் சொன்னதில்லை. அதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. அவள் சொன்னது இவ்வளவுதான்: ஒரு கல் தீயில் வெந்தால் அதற்குள் இருக்கும் கனிம மணிகள் கொஞ்சம் மாறிப்போகின்றன. எவ்வளவு சூடு, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நேரம் என்பதை அந்த மாற்றத்தை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். அதற்காக அவள் செய்த கருவிக்குத் தணல்மானி என்று பெயர். தையல் மிஷின் அளவுதான் இருக்கும். கல்லில் விரல்நுனி அகலத்துக்குத் துளைகள் போட்டு, ஊசியை இறக்கி, இருபது நிமிடம் பொறுத்திருந்தால் போதும். திரையில் தீ பின்னோக்கி எரியும். சுவரை விழுங்கிய நெருப்பு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு புள்ளியில் போய் உட்காரும். அந்தப் புள்ளிதான் தீ பிறந்த இடம்.

அந்தக் கருவியோடு ஏதென்ஸுக்கு வந்து எட்டு மாதமாக அவள் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். ஊரெல்லாம் வந்து படம் பிடித்துப்போகும் பார்த்தினான் கோயிலுக்காக அல்ல. அது பின்னால் வந்தது. அதற்கு முன்பே அந்தக் குன்றின் மேல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பழைய கோயில் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் பளிங்கில் இன்னொரு கோயில் பாதி எழும்பி நின்றது. இரண்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பாரசீகப் படை வந்தபோது எரிந்து போனவை. இன்றைக்குப் பார்க்கப் போனால் பழைய கோயில் இருந்த இடத்தில் தரையோடு தரையாக அஸ்திவாரம் மட்டும் கிடக்கும். கூட்டத்தில் பாதிப் பேர் அதன் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இன்னதென்று தெரியாமலே எழுந்து போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த அஸ்திவாரத்தின் மூலையில் ஒரு குழி தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஐந்து கற்கள் கொண்ட குட்டைச் சுவர் ஒன்று வெளிப்பட்டது. கோயிலின் உள்ளறைச் சுவர்தான், வைத்த இடத்திலேயே அப்படியே இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஐந்தும் வெந்த கற்கள். செண்பகவல்லியைக் கூப்பிட்டது அந்த ஐந்துக்காகத்தான்.

முடிவு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐந்து கல்லிலும் கீழ்விளிம்புதான் அதிகம் வெந்திருந்தது. திரையில் தீ சுருங்கிப்போய் உள்ளறைத் தரையில், சுவரோரமாக உட்கார்ந்தது. வெளியிலிருந்து வைத்த தீ அங்கே போய்ப் பிறக்காது. உள்ளே இருந்தவர்கள் வைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்குள் விஷயம் எப்படியோ கசிந்து, சொந்தக் கோயிலைச் சொந்த ஜனமே கொளுத்தியது என்று இரண்டு நாட்டுப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டுவிட்டன.

திங்கட்கிழமை காலை. ஐந்தில் நடுக்கல்லைச் சுத்தம் செய்வதற்காகச் சின்னக் கிரேனால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கலியோப்பி குழியின் விளிம்பில் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி நின்றாள். அறுபது வயதுக்காரி. குன்றின் மேல் கிடக்கும் கற்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுப்பதே முப்பது வருடமாக அவள் வேலை. அவளும் செண்பகவல்லியும் பேசுவது ஆங்கிலத்தில்தான் என்றாலும், பழகிய பழக்கத்தில் அது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

"உன் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல, ஷென்பா" என்றாள் கலியோப்பி. "ஆனா அந்த ஜனங்கள நினைச்சா பாவமா இருக்கு."

"எந்த ஜனங்க?"

"பாரசீகப் படை வருதுன்னதும் ஊரே கப்பலேறிப் போயிடுச்சு. கோயில் பொறுப்புல இருந்த கொஞ்சம் பேரு, போக வழியில்லாத ஏழைங்க, இவங்க மட்டும் இங்கயே தங்கிட்டாங்க. மரச்சுவர் காப்பாத்தும்னு குறி சொல்லியிருந்தது. அத நம்பி பலகையும் கதவும் அடுக்கி வாசலை அடைச்சாங்க. எதிர்க் குன்றுல இருந்து தீ அம்பு விட்டாங்க. இவங்க மேல இருந்து கல்ல உருட்டினாங்க. கடைசியில மேல ஏறி வந்து எல்லாரையும் வெட்டிட்டாங்க. ஒருத்தரும் மிஞ்சல. இப்ப வியாழக்கிழமை வந்து நாம, நீங்கதான் கொளுத்தினீங்கன்னு சொல்லப் போறோம். இல்லன்னு சொல்ல ஆள் இருக்கா?"

"நான் என்ன பண்றது, அளந்தது அப்படி வந்திருக்கு" என்றாள் செண்பகவல்லி. இந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. யாரோ ஒருவருக்குப் பிடிக்காத முடிவைச் சொல்வதுதானே இந்தத் தொழில் என்று அவள் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டவள்.

கல் மேலே வந்தது. அரை ஆள் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியபடி மெதுவாகத் திரும்பி, இத்தனை நாள் பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கிடந்த முனையைக் காட்டியது. அதில் குதிரை லாடத்தின் வடிவில் ஆழமான பள்ளம் ஒன்று வெட்டியிருந்தது.

கலியோப்பி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"கிரேன்காரரை அப்படியே நிறுத்தச் சொல்லு. திருப்பாதீங்க. இப்படியேதான கெடந்தது? மேல் பக்கம் மேலேயே இருக்கா?"

"ஆமா, படுத்த வாக்கிலயே தூக்கியிருக்காங்க. ஏன்?"

"அந்தப் பள்ளத்தப் பாரு. அது கயிறு போட வெட்டினது. அந்தக் காலத்துல கல்ல மேல ஏத்த ரெண்டு முனையிலயும் இப்படி லாடம் மாதிரி வெட்டுவாங்க. கயிறு லாடத்தோட அடிவளைவுல படிஞ்சு, ரெண்டு கால் வழியா மேல போகும். அப்படின்னா லாடத்தோட வாய் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"மேல."

"இதுல?"

லாடத்தின் வாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தலைகீழா வச்சிருக்காங்க" என்றாள் கலியோப்பி. "இது உள்ளறைச் சுவரே இல்ல. எரிஞ்சு விழுந்த கல்ல எடுத்து, அப்புறமா யாரோ அடுக்கின சுவரு. உன் மிஷின் கீழ்விளிம்புன்னு சொன்னது நிஜத்துல மேல்விளிம்பு. கூரை மரம் எரிஞ்சு மேல இருந்து வெந்த கல்லு. தரையில யாரும் தீ வைக்கல."

செண்பகவல்லி குழிக்குள் இறங்கி மற்ற நான்கு கற்களையும் பார்த்தாள். வெளியே தெரிந்த முனை ஒன்றில் மண் அப்பியிருந்தது. விரலால் சுரண்டினாள். அங்கேயும் கவிழ்ந்த லாடம்.

"கல்லப் பத்தி நாங்க கேக்கற மொத கேள்வியே அது பிறந்த இடத்துலதான் இருக்கான்னுதான்" என்றாள் கலியோப்பி, மேலிருந்தபடியே. "இந்தத் தடவ சந்தோஷத்துல நானும் கேக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலயும் இருக்கு. நீயும் கேட்டதில்லயா?"

கேட்டதில்லை. அவள் பௌதிகம் படித்தவள். கல் எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் வெந்தது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கின் முதல் வரியே தொடங்கும். ஒரு கல் தான் பட்ட பெரிய தீயை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அதைவிடச் சின்னத் தீ எத்தனை பட்டாலும் புதிதாக ஒன்றும் பதியாது என்பதும் அவளே எழுதிய வரிதான். இரண்டையும் சேர்த்து வைத்து அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். அவளுக்கு நினைவு வந்தது கிரேக்கக் கோயில் இல்லை, சாத்தூர்.

தணல்மானிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே சாத்தூர்தான். ஊருக்கு வெளியே கல்தூண் வைத்த பழைய கொட்டகையில் பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை ஒன்று நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பஞ்சில் தீப்பிடித்து மூன்று பேர் செத்துப்போனார்கள். காவலாளி சீனிச்சாமி மூன்றாம் தூணின் அடியில் உட்கார்ந்து பீடி குடிக்கிற ஆள். பஞ்சுக்குப் பக்கத்தில் குடிக்காதே என்று ஆலைக்காரர் இரண்டு முறை எழுதிக்கொடுத்து எச்சரித்திருந்தார். இல்லை, மேலே ஓடிய பழைய மின்கம்பியில்தான் தீ என்று சீனிச்சாமியின் வக்கீல் வாதாடினார். அப்போதுதான் செண்பகவல்லி மூன்றாம் தூணை அளந்து, நீதிமன்றத்தில் திரை கட்டி, தீயைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினாள். நெருப்பு சுருங்கிப்போய் தூணின் அடியில், சீனிச்சாமி உட்காரும் இடத்தில் ஒடுங்கியது. 

சீனிச்சாமி எழுந்து கும்பிட்டார். "அய்யா, மிஷினே சொல்லிருச்சு. அப்ப நாந்தான் அணைக்காமப் போட்டிருப்பேன். எனக்கு வக்கீலு வேண்டாம்யா" என்றார். செத்த மூன்று பேரில் ஒருத்தி இருளாயி, அவர் மனைவி. எட்டு வருடம் தண்டனை போட்டார்கள். ஐந்து முடிந்திருந்தது.

அன்றைக்குச் செண்பகவல்லிக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பிரயோஜனம். குற்றவாளியே ஒப்புக்கொள்கிற அளவுக்குத் துல்லியம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்தப் பக்கத்தை வெட்டி ஆய்வகச் சுவரில் ஒட்டியதும் அவள்தான்.

கொட்டகையைக் கட்டியவர் பெயர் வழக்குக் காகிதங்களில் எங்கோ மூலையில் இருந்தது. ஆவுடையப்பன், கல்தச்சர், சங்கரன்கோவில். அவரைச் சாட்சிக்கு யாரும் அழைக்கவில்லை. கல் நட்டவருக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்? ஊருக்குப் போன் போட்டு இரண்டு பேரிடம் விசாரித்து எண் வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலிவ் மரத்தடியில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"ஆமா, நாந்தான் நட்டேன். பதினாலு தூணு. எதுக்குக் கேக்கீக தாயி?"

"புதுக் கல்லுங்களா அண்ணாச்சி, இல்ல பழசா?"

"பழசுதான். ஆலைக்காரவுக சிக்கனம் புடிச்ச ஆளு. பக்கத்து ஊர்ல ஒரு பண்ணை வீடு இடிச்சாக. அங்கன இருந்து வண்டியில ஏத்தியாந்தது."

"அந்த வீடு எப்பவாவது தீப்பிடிச்சிருக்கா?"

"பிடிச்சதாலதான தாயி இடிச்சாக. எங்கய்யா காலத்துல மேல்மச்சு எரிஞ்சு போச்சு. தேக்கு மச்சு. மூணு நாளு பொகைஞ்சிச்சும்பாக. பெறகு ரொம்ப வருசம் சும்மாவே கெடந்துச்சு."

 அடுத்த கேள்வியைக் கேட்காமல் போனை வைத்துவிடலாமா என்று செண்பகவல்லிக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்டாள்.

"நடும்போது மேல் பக்கத்த மேலயே வச்சு நட்டீங்களா?"

அந்தப் பக்கம் ஆவுடையப்பன் சிரித்தார். "படிச்ச புள்ள, இது தெரியாதா? தீப்பட்ட கல்லத் தல மாத்தித்தான் நடுவோம். எங்க பக்கம் அதுதான் வழக்கம். அப்படியே நட்டா, பழைய தீ மறுபடியும் அதத் தேடி வரும்பாக. தலைய மாத்திட்டா அதுக்கு அடையாளம் தெரியாதாம். எங்கய்யா சொல்வாரு. தொழில் கணக்குக்கும் அதுதான் சரி. வெந்த முனை பொடுபொடுன்னு உதிரும். அது மேல உத்தரத்தத் தூக்கி வைக்க முடியுமா? அதான் கீழ விட்டுருவோம். ரெண்டடி பூமிக்குள்ள போயிரும், பாக்கவும் அசிங்கமா இருக்காது."

"ரெண்டடி பூமிக்குள்ளயா?"

"வேணும்னா தோண்டிப் பாருங்க. உள்ள கரேல்னு இருக்கும்."

"இத நீங்க போலீஸ்ல சொல்லலயா அண்ணாச்சி?"

"கேட்டாத்தான தாயி சொல்றதுக்கு."

ஆவுடையப்பன் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தை அவளைச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. ஆலைத் தீ தரைக்கு மேலே எரிந்தது. பூமிக்குள் இரண்டடிக்கு அது இறங்கவே இறங்காது. புதைந்த முனை வெந்திருந்தால் அது நடுவதற்கு முன்பே வெந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஒரு ஆள் ஒரு கடப்பாரையோடு போனால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சென்னையில் ஆய்வகத்தின் இயக்குநர் தேவசகாயம். மார்த்தாண்டத்துக்காரர், அவளுக்குப் பதினைந்து வருடமாக மேலதிகாரி. கெட்டவர் இல்லை. தணல்மானி ஒரு பெட்டிக்குள் கம்பிக் குவியலாக இருந்த காலத்திலேயே அதை நம்பியவர். போனில் அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"ஏதென்ஸ் விஷயத்த வியாழக்கிழமை திருத்திச் சொல்லிரு" என்றார் கடைசியில். "அதுல நமக்குக் கவுரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. ஆராய்ச்சின்னா அப்படித்தான். சாத்தூர எதுக்கும்மா இப்ப இழுக்க?"

"அங்கயும் அதே தப்புதான் சார்."

"தெரியும். கேட்டியா, முப்பத்தொரு வழக்குல இந்த மிஷின வச்சுத் தீர்ப்புச் சொல்லியிருக்கு. இப்ப ஒரு தூணத் தோண்டினா முப்பத்தொண்ணையும் தோண்டணும். அதுல நெசமாவே தீ வச்சவன் எத்தன பேரு இருப்பான்? அவனுக எல்லாம் நாளைக்கே ஜாமீன் கேட்டு வருவான். சீனிச்சாமி மூணு வருஷத்துல தானே வெளிய வந்துருவாரு. அவரே ஒத்துக்கிட்ட ஆளு வேற. இத்தன பேரு சேந்து நிக்க வச்சது எல்லாம் விழுந்துரும் பிள்ளே."

"நிக்கறதப் பத்தி நீங்க பேசறீங்க. நான் உள்ள உக்காந்திருக்கற ஆளப் பத்திப் பேசறேன் சார்."

"அவரு ஒத்துக்கிட்டாரும்மா."

"அதுதான் சார் எனக்குத் தாங்கல. நான் காட்டின படத்தப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டாரு. பெண்டாட்டியக் கொன்னது தன் பீடிதான்னு அஞ்சு வருஷமா நம்பிக்கிட்டு இருக்காரு. நம்ப வச்சது நான். நீங்க ஆள் அனுப்பலன்னா நானே வந்து தோண்டறேன்."

தேவசகாயம் போனை வைத்துவிட்டார்.  ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு வார்த்தை எழுதாமல் ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார். இடிந்த கொட்டகை, மூன்றாம் தூண், அதன் அடியில் தோண்டிய குழி. மண்ணுக்குள் இரண்டடி வரை தூண் அடுப்புக் கல்லைப் போலக் கருத்திருந்தது. ஓரமாகக் கடப்பாரை தெரிந்தது, அதைப் பிடித்திருந்த கையில் தேவசகாயத்தின் பழைய கடிகாரமும் தெரிந்தது.

படத்தைக் கலியோப்பியிடம் காட்டி, தலை மாற்றி நடும் வழக்கத்தையும் சொன்னாள். கலியோப்பி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இங்கயும் அந்த அஞ்சு கல்ல அடுக்கினவங்க யாருன்னு நினைக்கற?" என்றாள். "கப்பல்ல போனவங்க திரும்பி வந்தப்போ எல்லாம் சாம்பல். அவங்க தெய்வத்துக்கு மரத்துல ஒரு பழைய சிலை இருந்தது. அத வைக்க அவசரத்துக்கு ஒரு மறைப்பு கட்டியிருப்பாங்க. அவசரத்துல கல்லு கவிழ்ந்திருக்கும்னுதான் நான் எழுதணும். ஆனா அஞ்சு கல்லுமா கவிழும்?"

"உங்க ஆளுங்களும் தீக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னு நினைச்சிருப்பாங்களோ?"

"அத நான் அச்சுல போட முடியாது. ஆதாரம் கேப்பாங்க." சொல்லிக்கொண்டே தன் கல் பட்டியலில் அந்தக் கல்லின் எண்ணுக்கு நேரே பென்சிலால் ஏதோ எழுதினாள். "ஆவுடையப்பன். எப்படி எழுதறது? நிதானமாச் சொல்லு."

வியாழக்கிழமை கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். குன்றின் மேல் தங்கியவர்கள் தீ வைத்ததாகச் சொன்னது தவறு, அந்தச் சுவர் தீக்குப் பிறகு கட்டியது, யார் எங்கே தீ வைத்தார்கள் என்று இந்தக் கற்களை வைத்துச் சொல்ல முடியாது என்றாள் செண்பகவல்லி. அப்படியானால் என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் சாத்தூரைப் பற்றியும் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து நம் நாட்டில் எந்த நீதிமன்றத்திலும் தணல்மானியைச் சாட்சிக்குக் கொண்டுவரக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். முப்பத்தொரு வழக்கையும் மறுபடி பார்க்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவில் அவள் பெயர் இல்லை. அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

ஊர் திரும்பி, மறுவிசாரணை மனுவில் கையெழுத்துப் போட்ட கையோடு அவள் சீனிச்சாமியைப் பார்க்க மத்திய சிறைக்குப் போனாள். காலை பதினொரு மணி. பார்வையாளர் அறையில் இருவருக்கும் நடுவே கம்பி வலை. சீனிச்சாமி இளைத்து, தலை முழுக்க நரைத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அவளைப் பார்த்ததும் அன்றைக்கு நீதிமன்றத்தில் செய்தது போலவே எழுந்து கும்பிட்டார். அவளுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

சொல்ல வேண்டியதை அவள் பஸ்ஸிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். பண்ணை வீடு, தேக்கு மச்சு, தலை மாற்றி நட்ட தூண், மண்ணுக்குள் கருத்த முனை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அது எங்க ஆலைத் தீயே இல்லியாம்மா?"

"இல்லங்க. அம்பது வருஷத்துக்கு முன்னாடி எரிஞ்ச தீ."

"சரி, ஆலையில யாரு வச்ச தீ?"

"தெரியாது."

"மிஷினு என்ன சொல்லுது?"

"அதுக்கும் தெரியாது. ஆலைத் தீ அந்தப் பழைய தீயவிடச் சின்னது, அந்தத் தூண்ல பதியவே இல்ல. கம்பியில பிடிச்சிருக்கலாம், வேற எதுலயும் பிடிச்சிருக்கலாம். உங்க பீடிதான்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

சீனிச்சாமி வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதலை ஆவீர்கள் என்று அவள் சொன்னதும்கூட அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"அன்னைக்குத் தெரியும்னீகளேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "படம்லாம் ஓட்டுனீக. இன்னைக்கு தெரியாதுங்கீக. நான் எத நம்பட்டும்?"



"என்னை நம்ப வேண்டாங்க" என்றாள். "அன்னைக்கு நான் கல்லத்தான் கேட்டேன். அங்க உக்காந்திருந்தது நீங்க. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு நான் கேக்கவே இல்ல. யாருமே கேக்கல. இப்பக் கேக்கறேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

 காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு ஞாபகம் இருந்துச்சும்மா" என்றார் சீனிச்சாமி. "மதியம் தூணடியில உக்காந்து ஒரு பீடி பத்த வச்சேன். ரெண்டு இழுப்புகூட இழுத்திருக்க மாட்டேன். இருளாயி உள்ள இருந்து வந்தா, தலையெல்லாம் பஞ்சா. எங்கையில இருந்து பீடியப் புடுங்கி தண்ணி வாளியில போட்டா. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். இனிமே இங்கன பத்த வச்சா வாளியோட ஒன் தலையில கவுத்துருவேன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா."

"இத ஏங்க நீங்க கோர்ட்ல சொல்லல?"

"மிஷினு பொய் சொல்லாதுன்னீக. அப்ப அது வேற என்னைக்காவது நடந்திருக்கும், நாந்தான் நாளக் கொழப்பிக்கிட்டேன்னு நெனச்சேன். அஞ்சு வருசமா அத வேற நாளுன்னுதான் தள்ளி வச்சிருந்தேன். அவ சிரிப்பு ஞாபகம் வந்தாக்கூட, சீ, இது அன்னைக்கு இல்லன்னு தள்ளிருவேன்." சட்டை நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கவில்லை.

"எழுதிக்கறேங்க" என்றாள். "எல்லாம் மொதல்ல இருந்து சொல்லுங்க. அது என்னைக்கு நடந்துச்சு?"

சீனிச்சாமி நாற்காலியை வலைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைம்மா" என்றார். "தீப்பிடிச்ச அன்னைக்கேதான்."